தருமர் கைவிடாத துணை

சிவாலயத்தின் திருச்சுற்றை வலம் வரும் அடியார்கள் வடகிழக்கு மூலையை அடையும்போது, அங்கே பைரவர் நின்ற கோலத்தில் அருள்பாலிக்கிறார். அவர் சேத்திரபாலர்; ஆலயத்தைக் காப்பவர். அர்த்தஜாம பூஜை முடிந்து நடை சாத்தியபின் சந்நிதிக் கதவின் சாவியை அவர் திருவடியில் வைத்துச் செல்லும் வழக்கம் பல தலங்களில் உண்டு. அந்தப் பெருமானுக்குப் பின்னால் அவருடைய வாகனமாகிய நாய் நிற்கிறது. தேய்பிறை அஷ்டமி நாளில் பைரவருக்குச் செலுத்தும் மலரும் தீபமும் அதன் முன்னேயும் விளங்குகின்றன.

தத்தாத்ரேயரின் திருவடியருகே நான்கு நாய்கள் அமர்ந்திருக்கும். அவை நான்கு வேதங்கள் என்பது பெரியோர் கூற்று. மராட்டிய நாட்டில் ஜேஜூரி கண்டோபாவின் திருவுருவத்தோடு நாயும் காணப்படும். கேரளத்தில் கண்ணூருக்கு அருகே, வளபட்டணம் ஆற்றங்கரையில் உள்ள பறச்சினிக்கடவு முத்தப்பன் கோயிலில் நாய்கள் தடையின்றி உலவுகின்றன. நிவேதனம் முதலில் அவற்றுக்கே அளிக்கப்படுவது அத்தலத்து மரபு. நேபாளத்தில் தீபாவளியை ஒட்டி வரும் திருநாள்களில் ஒரு நாள் நாய்களுக்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று வீட்டு நாய்க்கும் தெரு நாய்க்கும் நெற்றியில் திலகமிட்டு, கழுத்தில் சாமந்தி மாலை சூட்டி, உணவளித்து வணங்குகின்றனர். இல்லறத்தார் நாள்தோறும் செய்யவேண்டிய வைசுவதேவத்திலும் காக்கைக்கும் நாய்க்கும் அன்னமிடுதல் விதிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு உயர்ந்த இடத்தில் வைக்கப்பட்ட ஜீவன், மனிதர் வாழ்வோடு பிணைந்திருப்பதோ மிகச் சில ஆண்டுகள்தாம். ஒரு வீட்டில் குட்டியாக நுழைந்த நாய், பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் குழந்தைப் பருவம், இளமை, முதுமை அனைத்தையும் கடந்துவிடுகிறது. இளமையில் அதைக் கொஞ்சுவோர் பலர். கண் மங்கி, கால் தளர்ந்து, உடல் நாறும் காலத்தில் அதன் அருகே யார் இருக்கிறார் என்பதே தருமத்தின் சோதனை. மகாபாரதம் அந்தச் சோதனையைத் தருமபுத்திரருக்கே வைத்தது.

இமயத்தின் வழியில்

கண்ணபிரான் தம் அவதாரத்தை நிறைவு செய்தபின், பாண்டவர் ஐவரும் பரீட்சித்துக்கு முடிசூட்டிவிட்டு, மரவுரி தரித்துத் திரௌபதியோடு வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். இது மகாபிரஸ்தானிக பர்வம். பதினெட்டுப் பர்வங்களில் பதினேழாவது. அறுவராகப் புறப்பட்டவர்களை ஏழாவதாக ஒரு நாய் பின்தொடர்ந்தது. யாரும் அதை அழைக்கவில்லை. யாரும் அதை விரட்டவும் இல்லை.

இமயம் தாண்டி, மணற்கடல் தாண்டி, மேரு கண்ணுக்குப் புலப்பட்ட வேளையில் திரௌபதி முதலில் வீழ்ந்தாள். பின்னர் சகாதேவன், நகுலன், அர்ச்சுனன், பீமன் என ஒருவர்பின் ஒருவராக வீழ்ந்தனர். தருமர் திரும்பிப் பாராமல் நடந்தார். இறுதியில் அவரோடு எஞ்சியிருந்தது அந்த நாய் ஒன்றே.

தேவேந்திரன் தேரோடு வந்து, உடலோடு சுவர்க்கம் வருமாறு அழைத்தான். இந்த நாய் தன்னிடம் பக்தி கொண்டு இவ்வளவு தூரம் வந்தது, இதுவும் வரவேண்டும் என்றார் தருமர். நாய்க்குச் சுவர்க்கத்தில் இடமில்லை, அதை விட்டுவிடுவதில் கொடுமை ஏதும் இல்லை என்றான் இந்திரன். தருமர் அசையவில்லை. தன்னை நம்பிய உயிரைத் தன் சுகத்துக்காகக் கைவிடுவது பெரும்பாவம் என்று மறுத்தார்.

இந்திரன் அடுத்து எழுப்பிய வினா கூர்மையானது. உடன்பிறந்தோரையும் மனைவியையும் வழியிலேயே விட்டுவிட்டு வந்தவர், ஒரு நாயை விடமாட்டேன் என்பது எவ்வாறு பொருந்தும் என்று கேட்டான். தருமர் சொன்ன விடையில்தான் இந்தக் கதையின் உயிர்நாடி இருக்கிறது. இறந்தவர்களை உயிர்ப்பிக்கும் ஆற்றல் தமக்கு இல்லை. அவர்கள் உயிரோடு இருந்தவரை தாம் அவர்களை விட்டு விலகியதில்லை. இந்த நாயோ இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார் அவர்.

அக்கணத்தில் நாயின் உருவம் நீங்கி, தருமதேவதை தன் வடிவில் நின்றது. முன்பு துவைத வனத்தில் மாண்டுகிடந்த தம்பியரில் ஒருவரை எழுப்பலாம் என்றபோது, மாத்ரிக்கும் ஒரு மகன் இருக்கவேண்டும் என்று நகுலனைக் கேட்டவர் தருமர். அந்தச் சோதனையை நினைவூட்டி, இப்போதும் நீ வென்றாய் என்று தருமதேவதை வாழ்த்தியது.

சரமையின் கேள்வி

இதிகாசத்தின் முடிவில் ஒரு நாய் வருவதுபோல், அதன் தொடக்கத்திலும் ஒரு நாய் வருகிறது. ஆதி பர்வத்தில், அர்ச்சுனனின் கொள்ளுப்பேரனாகிய ஜனமேஜயன் குருக்ஷேத்திரத்தில் நீண்டதொரு வேள்வி நடத்துகிறான். வேள்விச்சாலைக்கு வந்த ஒரு நாய்க்குட்டியை அவன் தம்பியர் அடித்துத் துரத்துகின்றனர். குட்டி அழுதுகொண்டே தன் தாயாகிய சரமையிடம் ஓடுகிறது. அவிப்பொருளை நாவால் தீண்டினாயா என்று தாய் கேட்கிறாள். பார்க்கவும் இல்லை, தீண்டவும் இல்லை என்கிறது குட்டி.

சரமை வேள்விச்சாலைக்கே வந்து, குற்றமற்ற என் மகனை ஏன் அடித்தீர்கள் என்று கேட்டாள். அரச குலத்தவர் ஒருவரும் மறுமொழி கூறவில்லை. எதிர்பாராத வேளையில் உங்களைப் பயம் வந்து சூழும் என்று சொல்லிவிட்டு அவள் சென்றாள். அந்தச் சொல்லுக்கு அஞ்சிய ஜனமேஜயன், பரிகாரம் செய்யத் தகுந்த புரோகிதரைத் தேடி அலைந்தான். தருமர் சுவர்க்கத்தையே பணயம் வைத்துக் காத்த அறத்தை, அதே குலத்தின் பிள்ளைகள் மூன்று தலைமுறைக்குள் மறந்தனர். ஒரு நாய்க்குட்டியின் வலிக்கும் விடை சொல்லவேண்டிய கடமை அரசனுக்கு உண்டு என்பதை வியாசர் நூலின் முகப்பிலேயே வைத்தார்.

எடுத்தனூரில் ஒரு நடுகல்

தமிழ் மண்ணில் இந்த நன்றிக்குக் கல்லிலேயே சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் கவர வந்த கள்வரோடு பொருது உயிர்விட்டவன் கருந்தேவகத்தி என்னும் வீரன். அவனுடைய நாயின் பெயர் கோவிவன். தலைவன் வீழ்ந்தபின்னும் அந்த நாய் கள்வர் இருவரைக் கடித்து, காவலை விடாமல் நின்றது. ஊரார் வீரனுக்குக் கல் நட்டபோது, நாயின் உருவத்தையும் அவன் அருகே செதுக்கி, அதன் பெயரையும் செயலையும் எழுத்தில் பொறித்தனர். பதிமூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் கோவிவன் என்னும் பெயர் அழியவில்லை.

அருணாசலத்தின் அன்பர்கள்

அதே திருவண்ணாமலையில் பகவான் ஸ்ரீ ரமண மகரிஷியைச் சூழ்ந்து வாழ்ந்த நாய்களின் வரலாறு, அடியார் வரலாறுபோலவே போற்றப்படுகிறது. ரமணர் எந்தப் பிராணியையும் அஃறிணையில் குறிப்பிட்டதில்லை. அவன், அவள் என்றே சொல்வார். பையன்கள் சாப்பிட்டாயிற்றா என்று அவர் கேட்டால், அது நாய்களைப் பற்றிய விசாரணையாக இருக்கும். உணவு வேளையில் முதலில் நாய்களுக்கும், அடுத்து இரந்து வந்தோருக்கும், அதன் பிறகே அன்பர்களுக்கும் பரிமாற வேண்டும் என்பது ஆசிரமத்தின் நியதி.

1916 முதல் 1922 வரை பகவான் கந்தாசிரமத்தில் வசித்த காலத்தில், கமலா என்னும் பெண்குட்டி அங்கே வந்து சேர்ந்தது. ஆண்டுதோறும் குட்டி போடுமே என்று அஞ்சி அங்கிருந்தோர் விரட்டிப் பார்த்தனர். கமலா போகவில்லை. அவள் முதன்முறை ஈன்றபோது அவளை நீராட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமமிட்டு, குட்டிகளோடு பத்து நாள் தங்கத் தூய்மையான இடம் ஒதுக்கினர். பத்தாம் நாள் புண்ணியாகவாசனம் போலவே விருந்தும் நடந்தது. புதிதாக வரும் அன்பருக்கு வழிகாட்டும் பணியைப் பகவான் கமலாவுக்கே இடுவார். அவள் அவரை முன்னின்று அழைத்துச் சென்று, மலையைச் சுற்றியுள்ள சந்நிதி, தீர்த்தம் ஒவ்வொன்றையும் காட்டித் திரும்புவாள்.

உடல் முழுதும் கருமையாக இருந்த சின்னக் கருப்பன் வேறு இயல்பினன். விரூபாட்ச குகைக்கருகே புதர்களின் மேலாக அவன் தலை மட்டும் அவ்வப்போது தெரியும். எவரோடும் சேரமாட்டான். அவனது வைராக்கியத்தை மதித்து, அவன் இருக்கும் இடத்தருகே உணவை வைத்துவிட்டு ரமணரும் அன்பர்களும் விலகிவிடுவார்கள். ஒருநாள் அவர்கள் மலையேறும்போது, அவன் பாதையில் பாய்ந்து வந்து, வால் குழைத்து, பகவான்மீது தாவி விளையாடினான். அன்று முதல் ஆசிரமவாசியானான். வருவோர் மடியிலெல்லாம் ஏறி அமர்ந்தான்.

வில்வ மரத்தடியில் ஜபம் செய்துகொண்டிருந்த ஓர் ஆசாரசீலரிடமும் அவன் அவ்வாறே நெருங்கினான். அவருடைய மனம் கோணக்கூடாதென்று எண்ணி, ஆசிரமத்தார் ஒருவர் கோலால் அவனை மெல்லத் தட்டினார். அடி பலமானதன்று. ஆயினும் சின்னக் கருப்பன் ஓலமிட்டு ஓடினான். அதன்பின் அவனை யாரும் காணவில்லை. ஆசிரமத்துக்கு வரும் பிராணிகளுக்கும் அறிவும் கொள்கையும் உண்டு, எந்த ஆன்மா எந்த வினையைக் கழிக்க இந்த உடலில் வந்திருக்கிறதோ தெரியாது, ஆகவே கடுமையாக நடத்தலாகாது என்பது ரமணர் அன்பர்களுக்கு உணர்த்திய பாடம்.

ஜாக்கியின் இறுதி நாள்கள்

ரமணாசிரமத்தில் குட்டியாக வளர்ந்த ஜாக்கி, மற்ற நாய்களோடு அதிகம் சேராதவன். பகவான் எதிரே விரித்த துணியில் அமர்ந்து, அவருடைய கண்களையே நோக்கிக்கொண்டிருப்பான். நோயுற்று ஜாக்கி தளர்ந்தபோது, பகவான் அவனுக்கு மெத்தென்ற படுக்கை அமைத்து, அவனது தேவைகளைத் தாமே கவனித்தார். இறுதி நாள்களில் அவன் உடலிலிருந்து துர்நாற்றம் வீசியது. பகவான் விலகவில்லை. அருகே சென்று தடவிக்கொடுத்தார், அணைத்துக்கொண்டார். அந்த அணைப்பிலேயே ஜாக்கியின் உயிர் அமைதியாகப் பிரிந்தது.

பசு லட்சுமி, மான் வள்ளி, ஒரு காகம் ஆகியவற்றின் சமாதிகளோடு ஜாக்கியின் சமாதியும் ஆசிரம வளாகத்தில் இன்றும் இருக்கிறது. கிரிவலம் வரும் அன்பர்கள் அங்கே நின்று வணங்கிச் செல்கின்றனர்.

முதுமையின் அடையாளங்கள்

நாயின் ஓராண்டு மனிதரின் ஏழாண்டு என்பது பொதுவான கணக்கு. கால்நடை மருத்துவர் கணக்கு சற்று வேறு. நடுத்தர உடலமைப்புள்ள நாய்க்கு முதல் ஓராண்டிலேயே மனித வயது 15 ஆகிவிடுகிறது. இரண்டாம் ஆண்டில் ஏறத்தாழ 9 கூடுகிறது. அதற்குமேல் ஆண்டுக்கு 5 என்று வளர்கிறது. உருவில் பெரிய நாய்கள் விரைவில் மூப்படைகின்றன. சிறியவை கூடுதலாக வாழ்கின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மந்தை மேய்த்த புளூயி என்னும் நாய், 1910 முதல் 1939 வரை 29 ஆண்டுகள் வாழ்ந்தது. அத்தகைய ஆயுள் அரிதினும் அரிது. எனினும் நல்ல பராமரிப்பு ஆயுளைக் கூட்டும் என்பதில் ஐயமில்லை.

உணவில் அளவு காப்பது முதல் மருந்து. அமெரிக்காவில் 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கவனித்த ஓர் ஆய்வின் முடிவு 2002-இல் வெளிவந்தது. உடன்பிறந்த நாய்களை விடக் கால் பங்கு குறைவாக உண்டு மெலிந்த உடலோடு வாழ்ந்தவை, ஏறத்தாழ 2 ஆண்டுகள் கூடுதலாக உயிர்வாழ்ந்தன. மூட்டு நோயும் அவற்றுக்குப் பிந்தியே வந்தது. மிதமாக உண்ண வேண்டும் என்று பெரியோர் மனிதருக்குச் சொன்னது நாய்க்கும் பொருந்துகிறது.

முகத்தில் நரை தோன்றுவதும், கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பதும், படியேறத் தயங்குவதும் மூப்பின் இயல்பு. திடீரென்று மிகுதியாக நீர் குடித்தல், உடல் மெலிதல், வாய் நாற்றம், இருமல், இரவில் திசை தெரியாமல் சுற்றி வருதல் ஆகியன நோயின் குறிகளாக இருக்கக்கூடும். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல், இவற்றை மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, பல் நோய், மூட்டு வலி ஆகியவற்றுக்கு இன்று சிகிச்சை உண்டு. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வேப்பேரி மருத்துவமனை முதல் ஊர்ப்புறத்து அரசுக் கால்நடை மருந்தகம் வரை அதற்கு இடங்கள் இருக்கின்றன.

வழுவழுப்பான தரையில் முதிய நாயின் கால் சறுக்கும். அது படுக்கும் இடத்தில் ஒரு சாக்கோ பழைய ஜமக்காளமோ விரித்தால் போதும். கண் தெரியாத நாய்க்குத் தண்ணீர்ச் சட்டியை இடம் மாற்றாமல் வைக்கவேண்டும். தீபாவளி வெடிச் சத்தத்தில் நடுங்கும் நாயை அன்று வீட்டுக்குள், ஓசை குறைந்த அறையில் வைத்திருப்பது நலம்.

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று மாத வயதில் போட்டு, பின் மருத்துவர் சொல்லும் கால அளவில் தொடரவேண்டும். இது நாயின் உயிரையும் வீட்டாரின் உயிரையும் ஒருசேரக் காப்பது. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும், காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள் முதலியவற்றைப் பூசிக்கொண்டு காலம் தாழ்த்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

பிரசாதத்திலும் பத்தியம்

அன்பின் மிகுதியால் கோயில் பிரசாதத்தை நாய்க்கும் ஊட்டுவோர் அறியவேண்டியது ஒன்று உண்டு. சர்க்கரைப் பொங்கலிலும் பாயசத்திலும் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. பச்சைத் திராட்சையும் அவ்வாறே. வெங்காயமும் பூண்டும் அதன் குருதியணுக்களை அழிக்கும். சாக்லேட் அதன் இதயத்தைத் தாக்கும். மனிதருக்கான வலி, காய்ச்சல் மாத்திரைகளை மருத்துவர் சொல்லாமல் கொடுத்தலும் நஞ்சூட்டுவதற்கு ஒப்பாகும். உப்பும் காரமும் இல்லாத வெறும் சோறு, அளவான தயிர், வேகவைத்த பூசணி, காரட் ஆகியவை எளிதில் செரிக்கும். பைரவர் சந்நிதியில் வழிபட்டுத் திரும்புவோர், வாசலில் கிடக்கும் நாய்க்கு இத்தகைய உணவையும் ஒரு சட்டி நீரையும் வைப்பார்களாயின் வழிபாடு நிறைவுறும்.

எஞ்சியிருக்கும் கடமை

பிள்ளைகள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழ, முதியோர் இருவர் மட்டும் இருக்கும் வீடுகளில், நாய் ஒன்றே நாள் முழுதும் உடனிருக்கும் துணையாக இருக்கிறது. அதற்காகவே காலையில் எழுந்து நடக்கிறவர்கள் உண்டு. அதற்குச் சோறிட்டபின் தாமும் உண்ணுகிறவர்கள் உண்டு. அத்தகைய வீட்டில் முதியவர் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தாலோ, மகன் வீட்டுக்குக் குடிபெயர்ந்தாலோ, முதலில் தெருவுக்கு வருவது அந்த நாயாகத்தான் இருக்கிறது. பத்தாண்டு திண்ணையில் படுத்த நாய்க்குத் தெருவில் இரை தேடத் தெரியாது. பூட்டிய கதவின் முன்னே அது காத்துக் கிடக்கும்.

ஆகவே சொத்துக்கும் நகைக்கும் ஏற்பாடு எழுதும் பெரியோர், உடனிருக்கும் ஜீவனுக்கும் ஓர் ஏற்பாடு செய்தல் வேண்டும். உறவினரிலோ அண்டை வீட்டாரிலோ மனமுவந்து ஏற்பவர் ஒருவரை இப்போதே கேட்டு வைக்கலாம். நாயும் அவரோடு பழகட்டும். அதன் உணவு, மருந்து, தடுப்பூசி விவரங்களை ஒரு தாளில் எழுதி, அதன் செலவுக்கென்று ஒரு சிறு தொகையையும் ஒதுக்கலாம். இளம் வயதினர் துணையில்லாத வீட்டில் புதிய குட்டியை வாங்குவதற்கு முன், பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் அதைப் பார்ப்பவர் யார் என்று எண்ணிப் பார்ப்பதும் அறமே. குட்டிக்குப் பதிலாக, கைவிடப்பட்ட முதிய நாய் ஒன்றைத் தத்தெடுத்து, அதன் எஞ்சிய நாள்களுக்கு நிழல் தருவோரும் உண்டு. அவர்கள் செய்வது பெரும்புண்ணியம்.

சுவர்க்கத்தின் வாயிலில் தேர் காத்து நின்றபோதும், தருமர் தமக்குப் பின்னால் நின்ற உயிரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டே விடை சொன்னார். பைரவரை வழிபட்டு வீடு திரும்பும் அடியார்களுக்காகவும், வாசற்படியில் வால் குழைத்து ஒரு ஜீவன் காத்திருக்கக்கூடும். அதன் கண் மங்கியிருந்தாலும், அவர்களுடைய காலடி ஓசை அதற்குத் தெரியும்.